நான்கு மீட்டர் கயிற்றில் ஓர் ஊர்

தரங்கம்பாடி, பொறையாறு, தில்லையாடி வட்டாரத்துப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்



கோடை விடுமுறை வந்துவிட்டால் உங்கள் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “நம்ம ஊர்ல என்னதான் இருக்கு?” என்று பிள்ளை கேட்கும். “என்ன இருக்கு, ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு ஊட்டிக்கோ சென்னைக்கோ டிக்கெட் பார்க்கத் தொடங்குவீர்கள். அந்த நேரத்திலேயே உங்கள் தெருமுனையில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் நின்று, 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் ஊரின் வரலாற்றுக் கையேடு இருக்கும். அந்த வாயிலுக்குள் தினமும் சைக்கிளில் போய்வரும் உங்கள் மகளுக்கு அதைக் கட்டியது யாரென்று தெரியாது.

இந்தக் குறையைப் பள்ளிக்கூடத்தின் தலையில் முழுவதும் ஏற்ற முடியாது. பாடநூலுக்கு முழு நாட்டையும் பார்க்கவேண்டிய கடமை உண்டு. ஐரோப்பியர் வருகை என்ற பாடத்தில் டேனியர் சில வரிகளில் வந்து போய்விடுகிறார்கள். பிள்ளையும் 1620 என்ற ஆண்டை ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறது. அந்த ஆண்டை ஊராக மாற்றிக் காட்ட வேண்டிய இடம் உங்கள் வீடு. அதற்கு வேண்டிய சாமான்களெல்லாம் உங்கள் அடுக்களையிலும் பரணிலும் பீரோவிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலில் ஒரு கயிறு எடுங்கள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக் கூடத்துச் சுவரில் கட்டுங்கள். தஞ்சை நாயக்கர் ரகுநாதரும் டென்மார்க்கின் தூதராக வந்த ஓவே கெடேயும் உடன்படிக்கை செய்துகொண்ட 1620ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை நான்கு மீட்டருக்குச் சற்று மேல் வரும். உங்கள் பத்து வயதுப் பிள்ளையின் ஆயுள் அதில் பத்து சென்டிமீட்டர், அரைச் சாண்தான். அப்பாயியின் வயதை அளந்தால் முக்கால் மீட்டரைத் தொடலாம். டேனியர் இருந்த காலம் இரண்டேகால் மீட்டர். 1845இல் அவர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அங்கிருந்து 1947 வரை ஒரு மீட்டரும் இரண்டு சென்டிமீட்டரும். சுதந்திரத்துக்குப் பிறகான நம் காலம் அதையும் எட்டவில்லை. இப்படி அளந்து பார்த்த பிள்ளைக்கு நூற்றாண்டு என்ற சொல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

கயிறு அங்கே முடியவில்லை என்பதையும் காட்டுங்கள். கடற்கரையில் பெரும்பகுதியை அலைகளுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற மாசிலாமணிநாதர் கோயிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் 1305ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சடங்கன்பாடி என்ற ஊர்ப்பெயர் அதில் வருகிறது. அந்த ஆண்டைக் குறிக்க வேண்டுமானால் இன்னும் மூன்று மீட்டருக்கு மேல் கயிறு நீள வேண்டும். அது கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போய்விடும். டேனியரின் கப்பல் வருவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, கோயில் இருந்தது, கல்லில் எழுத ஆள் இருந்தது என்பதை இதைவிட எளிதாக ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியாது. டேனியர் வந்து ஊரை உண்டாக்கினார்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதையை அந்தப் பிள்ளை இனி நம்பாது.

அடுத்து அடுக்களை. தாளிக்கிற கறிவேப்பிலையை ஒரு கொத்து எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அந்தச் செடியின் அறிவியல் பெயரில் ‘கோயனிகி’ என்று ஒரு பகுதி வரும். யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் இவர். 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, சுற்றுவட்டாரச் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். உலகத்துத் தாவரவியல் நூல்களிலெல்லாம் கறிவேப்பிலை இந்த ஊரில் வேலை பார்த்த ஒருவரின் பெயரோடு நிற்கிறது. உங்கள் சாம்பாரில் மிதக்கும் இலையைப் பற்றி இதை உங்கள் பிள்ளைக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

மீன் வாங்கி வருகிற நாளில் இன்னொரு பெயர் கிடைக்கும். கத்தாளை மீன் வகைகள் பலவற்றுக்கு அறிவியலில் ‘ஜானியஸ்’ என்று பெயர். தரங்கம்பாடியில் சமயப் பணியாளராகவும் பள்ளி நடத்துபவராகவும் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜானின் பெயர்தான் அது. மீன்களையும் சிப்பிகளையும் பாம்புகளையும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அவர் அனுப்பிவந்தார். இருதலைப் பாம்பு என்று ஏமாற்றுக்காரர்கள் லட்சக்கணக்கில் விலை பேசும் மண்ணுளிப் பாம்புக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. கரையில் வலை உதறும்போது கிடைக்கும் சிப்பிகளைப் பிள்ளைகள் பொறுக்கட்டும். ஒரு அட்டையில் ஒட்டி, மீனவப் பெரியவர்கள் எந்தச் சிப்பியை என்ன பெயரால் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதட்டும். ஜானுக்கு மீனைப் பிடித்துக் கொடுத்ததும் பெயர் சொன்னதும் இந்தக் கரைக்காரர்கள். அவர்கள் பெயர் எந்த மீனுக்கும் வைக்கப்படவில்லை. அந்த விடுபட்ட பக்கத்தை அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நிரப்பினால் தகும்.

எழுத்துப் பழகுகிற சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்புங்கள். 1706 ஜூலை 9ஆம் நாள் இங்கே கரை இறங்கிய சமயப் பணியாளர் சீகன்பால்குவும் அவருடைய துணைவர் புளூட்சோவும் தமிழ் கற்றது அப்படித்தான். உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தம் பள்ளியைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து மணலில் அகரம் எழுதினார்கள். ஒரு வெளிநாட்டுக்காரர் இந்த ஊரைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது ஒரு வீட்டுக்குள், குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்துதான். நீங்கள் மட்டும் ஏன் வரலாற்றுக்கு அருங்காட்சியகத்தின் கதவு திறக்கட்டும் என்று காத்திருக்கிறீர்கள்?

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அச்சு வேலை கொடுங்கள். அரைத்துண்டு உருளைக்கிழங்கிலோ தேய்ந்த ரப்பரிலோ ‘த’ என்ற எழுத்தைச் செதுக்கி மையில் தோய்த்து அழுத்தச் சொல்லுங்கள். முதல் முறை எழுத்து திரும்பி விழும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாற்றி வெட்ட வேண்டும் என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். அதன் பிறகு ஒரு சொல்லை அச்சடிக்கச் சொல்லுங்கள். எத்தனை துண்டு வெட்ட வேண்டியிருக்கிறது, கொம்பும் காலும் எங்கே போகும் என்று அது திணறட்டும்.

அந்தத் திணறலோடு கதையைச் சொல்லுங்கள். 1712இல் இந்த ஊருக்கு ஓர் அச்சு இயந்திரம் வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டைப் பார்த்தேயிராத தொழிலாளிகள் வார்த்த அந்த எழுத்துகள் அளவில் பெரியவை. கொஞ்சம் அச்சடித்தாலே தாள் தீர்ந்துபோயிற்று. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கி அந்த எழுத்துகளை வார்த்தார்கள் என்பது அச்சு வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. தாளுக்கும் இங்கேயே ஒரு பட்டறை போட்டார்கள். பொறையாறு பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்று இன்றும் சொல்கிறீர்களே, அந்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்த வழி இது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் இங்கே அச்சேறியது.

ஒரு எச்சரிக்கை. தமிழ் முதன்முதலில் அச்சேறியதே நம் ஊரில்தான் என்று பெருமைக்காகச் சொல்லிவிடாதீர்கள். ‘தம்பிரான் வணக்கம்’ 1578லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. பிள்ளையிடம் சரியான தகவலைச் சொன்னால் ஊரின் பெருமை குறையாது. தவறான தகவலைச் சொன்னால் நாளைக்கு அது வேறோர் இடத்தில் தலைகுனிய நேரும்.

தாள் செய்வதும் வீட்டில் முடிகிற வேலைதான். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒரு இரவு ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, கொசுவலைத் துண்டில் வடிகட்டி, துணிமேல் கவிழ்த்துக் காயவைத்தால் மறுநாள் சொரசொரப்பான ஒரு தாள் கிடைக்கும். அந்தக் காலத்து ஐரோப்பிய முறைப் பட்டறைகளில் கந்தல் துணியை ஊறவைத்து இடித்து இதே வேலையைச் செய்தார்கள். ஒரு தாளுக்கு இவ்வளவு பாடா என்று உங்கள் பிள்ளை கேட்டால், ஒரு புத்தகத்துக்கு எத்தனை தாள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் பெரிய பெயர்களும் பெரிய ஆண்டுகளும். இதைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1926இல் தொடங்கி 1986இல் நிறுத்தப்பட்டது. உங்கள் சுவர்க் கயிற்றில் அறுபது சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேல் இரண்டின் நீளம். அந்த வண்டியில் ஏறிப் படிக்கப்போனவர்கள், மீன்கூடை ஏற்றியவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். கடைசி ஆண்டில் அதில் போன சிறுவர்களுக்கே இன்று ஐம்பது வயது ஆகப்போகிறது. டிக்கெட் என்ன விலை, எந்த ஸ்டேஷனில் என்ன விற்றார்கள், வண்டி நின்றுபோன அன்று ஊர் என்ன பேசிக்கொண்டது? எந்த ஆவணக் காப்பகமும் இதற்குப் பதில் சொல்லாது. பதில் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

2004 டிசம்பர் 26ஐப் பற்றியும் கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சுனாமி என்பது ஒரு நினைவுத்தூண், ஆண்டுக்கொரு முறை மெழுகுவத்தி. அன்றைக்கு உங்கள் குடும்பம் எங்கே இருந்தது, யார் யாரை இழந்தது, எந்தத் தெருவில் இருந்து எங்கே குடிபெயர்ந்தது என்பதை ஒரு வரைபடமாக வரையச் சொல்லுங்கள். பேச முடியாதவர்களைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். கேட்கிற நாகரிகமும் வரலாற்றுப் பயிற்சியில் ஒரு பகுதி.

தில்லையாடிக்காரர்களிடம் ஒரு தனி வார்த்தை. வள்ளியம்மையின் நினைவு மண்டபம் உங்கள் ஊரில் இருக்கிறது. 1898இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்துபோன பெண் அவர். மறு ஆண்டு காந்தி தில்லையாடிக்கு வந்தார். இதுவரை உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். இங்கிருந்து குடும்பங்கள் ஏன் அவ்வளவு தூரம் கடல் கடந்து போயின என்று எப்போதாவது பேசியதுண்டா? சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் அநேகமாக உங்கள் எல்லோர் குடும்பங்களிலும் இருப்பார்கள். பழைய பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை, இவற்றை மேசைமேல் பரப்பி உலக வரைபடத்தில் நூல் கட்டினால் போதும். உலக வரலாறு தன் வீட்டுக்குள் நுழைந்த வழி பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

அழகான கதைகளை மட்டும் பொறுக்கிக்கொடுப்பதும் சரியில்லை. இந்தத் துறைமுகத்திலிருந்து டேனியர் மிளகும் துணியும் ஏற்றியதோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். ஒரு விதவையின் வழக்கில் குறுக்கிட்டதற்காகச் சீகன்பால்குவைக் கோட்டைத் தளபதி 1708இல் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம், யார் கூடாது என்று சாதி வகுத்த எல்லைகளை உங்கள் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். இவற்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் தாங்கிக்கொள்ள முடியும். மறைத்தால்தான் அதற்கு உங்கள்மேல் நம்பிக்கை போகும்.

“நாங்களே படிக்கலையே, எப்படிச் சொல்லித்தருவது?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இங்கே உங்களை ஆசிரியராகும்படி யாரும் கேட்கவில்லை. நீங்கள் சாட்சி சொன்னால் போதும். “கடையை விட்டு நேரம் இல்லை” என்பவர்களுக்கும் பதில் உண்டு. கறிவேப்பிலை தினமும் தாளிக்கிறீர்கள், மீன் வாரத்துக்கு இரண்டு நாள் வாங்குகிறீர்கள், இரவில் சாப்பிட உட்காருகிறீர்கள். இருக்கிற நேரத்தின்மேல் இந்தப் பேச்சை வைத்தாலே ஆயிற்று. “மதிப்பெண் வருமா?” என்ற கேள்விக்கு மட்டும் ஒளிவுமறைவில்லாத பதில் வேண்டும். உடனே வராது. ஆனால் ஒரு பெரியவரிடம் கேள்வி கேட்டு, பதிலை எழுதி, இரண்டு பேர் சொன்னது முரண்பட்டால் மூன்றாவது ஆளிடம் சரிபார்க்கிற பிள்ளை எந்தப் பாடத்தையும் வேறுமாதிரி படிக்கும்.

பிள்ளைகளால் என்ன ஆகும் என்று இளக்காரமாக நினைப்பவர்களுக்கு இரண்டு சேதிகள். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் விலைகொடுத்து வாங்கிப் பார்த்தார். ரோமானியரோடு நடந்த வணிகம் வெளிச்சத்துக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. மார்ட்டிமர் வீலரின் அகழாய்வு 1945இல்தான் நடந்தது. இன்னொன்று நம் காலத்தில் நடந்தது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, மாணவர்களே பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டு, சுற்றுப்புற ஊர்களின் பழஞ்செய்திகளைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். அவர்களும் உங்கள் பிள்ளைகளைப்போலக் கடற்கரை வட்டாரத்துப் பிள்ளைகள்தான்.

தேடுகிற ஆர்வத்தில் செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுங்கள். மண்ணைத் தோண்டக் கூடாது. கல்வெட்டு படிக்கிறேன் என்று மாவும் சுண்ணாம்பும் பூசக் கூடாது. கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்கக் கூடாது. பழங்காசோ உடைந்த மண்பாண்டமோ கண்ணில் பட்டால் கிடந்த இடத்தைக் குறித்துப் படம் எடுத்துவிட்டு, டேனியக் கோட்டையிலுள்ள தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் சொல்ல வேண்டும்.

இப்போது உங்களிடம் வைக்கும் கோரிக்கைகள்.

வீட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள். நூறு பக்கம் போதும். முதல் பக்கத்தில் வீட்டின் பெரியவர் பெயரும் அவர் பிறந்த ஊரும். அடுத்து அவர் சொன்னவை, சொன்ன தேதியோடு, அவர் பேசிய சொற்களிலேயே. பேச்சைப் பதிவு செய்ய உங்கள் கைப்பேசி இருக்கிறது. பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்குவதற்குப் பதிலாக ஒரு மணி நேரம் இந்த வேலைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பரணில் உள்ள காகிதங்களைப் போகியன்று எரிக்காதீர்கள். கிழிந்த பத்திரம், பழைய ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, வலைக்கணக்கு, கடைப் பேரேடு, பள்ளிச் சான்றிதழ் என்று எதுவானாலும் தீயில் போடுமுன் பிள்ளையிடம் ஒருமுறை காட்டுங்கள். படியையும் மரக்காலையும் பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் அளவைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

மீனவத் தெரு, மரைக்காயர் வீடுகள், தட்டாரத் தெரு, நெசவுக் குடும்பங்கள், பண்ணையில் வேலை செய்த குடும்பங்கள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் நோட்டுகள் வர வேண்டும். ஒரு தெருவின் நோட்டை மட்டும் வைத்து எழுதினால் அது ஊர் வரலாறு ஆகாது. பிள்ளைகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கேட்கட்டும். அப்படி அனுப்பத் தயங்குகிற வாசல் எதுவென்று உங்களுக்கே தெரியும். முதலில் அந்த வாசலுக்கு அனுப்புங்கள்.

விடுமுறை முடியும்போது நோட்டின் ஒரு நகலை ஊர் நூலகத்தில் கொடுங்கள். நூலகர்களும் தலைமையாசிரியர்களும் அவற்றுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கித்தர வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் எழுதிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்து வணிகக் கணக்குகளும் கடிதங்களும்கூட அங்கே காப்பகத்தில் இருக்கின்றன. அவர்கள் தங்கள் பக்கத்துக் கதையைப் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் பக்கத்துக் கதை உங்கள் அப்பாயியிடமும் தாத்தாவிடமும் இருக்கிறது. இந்த விடுமுறையிலேயே பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து, எழுதி வாங்குங்கள்.